ஓரம் வெட்டப்பட்ட அட்டைகள்: கண்டறிவதில் உள்ள சிக்கல்

உலகின் மிகப் புகழ்பெற்ற பேஸ்பால் அட்டையின் ஓரங்களைத் தாம் வெட்டியதாக, அமெரிக்காவில் விளையாட்டு நினைவுப் பொருட்களை ஏலம் விடும் நிறுவனம் ஒன்றை நடத்திவந்த பில் மாஸ்ட்ரோ 2013ஆம் ஆண்டு சிகாகோ நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார்.

பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணி வீரர் ஹோனஸ் வாக்னரின் படம் கொண்ட அந்த அட்டை, 1909க்கும் 1911க்கும் இடையே சிகரெட் பெட்டிகளில் வைத்து வழங்கப்பட்ட டி206 என்ற தொகுதியைச் சேர்ந்தது. 1985இல் மாஸ்ட்ரோ அதனை 25,000 டாலர்களுக்கு வாங்கினார். 1991இல் ஐஸ் ஹாக்கி வீரர் வெய்ன் கிரெட்ஸ்கியும் அவரது கூட்டாளியும் 4,51,000 டாலர்கள் கொடுத்தனர். 2007இல் அதன் விலை 28 லட்சம் டாலர்களை எட்டியது.

வெட்டுவதன் நோக்கம்

பழைய அட்டையின் மதிப்பைப் பெரிதும் தீர்மானிப்பவை அதன் மூலைகளும் ஓரங்களுமே. மழுங்கிய மூலையை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகச் சீவினால்கூட அது கூர்மையாகத் தெரியும். விலையும் பன்மடங்கு உயரும்.

தடயங்கள்

முதற்சோதனை அளவெடுப்பது. டி206 அட்டையின் அகலம் சுமார் 36.5 மில்லிமீட்டர், உயரம் சுமார் 66.7 மில்லிமீட்டர். ஆனால் அக்கால அச்சகங்களில் எல்லா அட்டைகளும் ஒரே அளவில் வெட்டப்படவில்லை. சற்றுப் பெரிதாக வெளிவந்த அட்டையைப் பின்னர் ஒருவர் நறுக்கினால், அது சரியான அளவிலேயே இருக்கும்.

எனவே வல்லுநர்கள் பத்து மடங்கு உருப்பெருக்கும் கண்ணாடியால் ஓரத்தை ஆராய்கின்றனர். நூறாண்டு பழைய ஓரத்தில் காகித நார்கள் தேய்ந்து, நிறம் மங்கியிருக்கும். புதிதாக வெட்டிய ஓரம் வெளிர்ந்தும் கூர்மையாகவும் தெரியக்கூடும். ஒரு பக்கம் மட்டும் மற்றப் பக்கங்களிலிருந்து வேறுபட்டிருந்தால் சந்தேகம் வலுக்கிறது.

புற ஊதா ஒளியில் நவீனக் காகிதம் பெரும்பாலும் நீலநிறமாக ஒளிரும் என்பதால், போலிகளையும் ஒட்டுவேலைகளையும் அதன்மூலம் கண்டறியலாம். ஆனால் வெட்டும்போது அட்டையில் புதிதாக எதுவும் சேர்க்கப்படுவதில்லை. தேய்ந்த பகுதி அகற்றப்படும்போது, பழைய ஓரம் என்ற சான்றும் அதனுடன் போய்விடுகிறது. இந்த மோசடியைக் கண்டறிவது கடினமாக இருப்பதற்கு இதுவே முக்கியக் காரணம்.

தரச் சான்றும் நம்பிக்கையும்

இந்தச் சந்தேகங்களைத் தீர்ப்பதற்காகவே தனியார் தரமதிப்பீட்டு நிறுவனங்கள் உருவாயின. அவற்றுள் ஒன்றான பிஎஸ்ஏ, வெட்டப்பட்ட அட்டைகளுக்குத் தரப்புள்ளி வழங்குவதில்லை என்ற விதியைக் கொண்டது. ஆனால் அந்நிறுவனம் 1991இல் மதிப்பிட்ட முதல் அட்டையே இந்த வாக்னர் அட்டைதான். அதற்குப் பத்துக்கு எட்டுப் புள்ளிகள் வழங்கப்பட்டன.

சான்றளிக்கப்பட்ட அட்டை பிளாஸ்டிக் உறையில் அடைத்து முத்திரையிடப்படுகிறது. அதன்பின் ஓரத்தை நெருங்கிச் சோதிக்கும் வாய்ப்பு வாங்குபவருக்கு இல்லை. அட்டைக்கு அவர் கொடுக்கும் விலையின் பெரும்பகுதி, வேறொருவர் அளித்த கருத்துக்கான விலையாகிவிடுகிறது.

ஏலங்களில் விலையைச் செயற்கையாக உயர்த்தியது உள்ளிட்ட மோசடிகளுக்காக மாஸ்ட்ரோவுக்கு 2015இல் 20 மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. அட்டை வெட்டப்பட்டது என்ற ஐயம் சேகரிப்பாளர்களிடையே பல ஆண்டுகளாகவே நிலவிவந்தது. இருந்தும் அதனை உறுதிசெய்தது உருப்பெருக்குக் கண்ணாடி அல்ல. வெட்டியவரின் ஒப்புதல் வாக்குமூலமே.