உறுதி எரிந்தாலும் உரிமை எரியாது

இடம்பெயர்ந்தபோது காணி உறுதியைப் பறிகொடுத்த குடும்பங்கள் பல. அவர்கள் மனந்தளர வேண்டியதில்லை.

நொத்தாரிசு முடிக்கும் உறுதியின் ஒரு பிரதி உரிமையாளருக்கு. ஒன்று நொத்தாரிசின் கோவைக்கு. மற்றையது அடுத்த மாதம் 15ஆம் திகதிக்குள் காணிப் பதிவகத்துக்கு. ஒன்று எரிந்தாலும் மற்றையவற்றைத் தேடலாம்.

இவ்வாறு தேடுவதையே தொழிலாகக் கொண்டோர் உள்ளனர். இவர்கள் அரச ஊழியர் அல்லர். கூலி பெற்றுத் தேடுபவர்கள். காணியின் பெயர், கிராமம், எல்லைகள், பேரனாரின் பெயர் ஆகியவற்றைக் கொண்டு தோம்பு ஏடுகளைப் பின்னோக்கிப் புரட்டுவர். விற்பனை, நன்கொடை, சீதனம், ஈடு யாவும் அங்கே வரிசையாகத் தெரியும். நாம் இல்லாத காலத்தில் பிறர் பெயரில் உறுதி முடிக்கப்பட்டிருந்தால் அதுவும் வெளிப்படும். வழக்கில் பங்கிடப்பட்ட காணியாயின் மாவட்ட நீதிமன்றத் தீர்ப்பையும் தேடவேண்டும்.

ஆனால் தேடுபவரின் வாய்ச்சொல் சான்றாகாது. பதிவாளர் அத்தாட்சிப்படுத்திய பிரதியையே கேட்டு வாங்குவோம். கூலியை முன்கூட்டியே பேசிக்கொள்வோம். கையிலுள்ள மூலப் பத்திரங்களை எவரிடமும் கொடாதிருப்போம்.

1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ் அனுமதிப்பத்திரம் பெற்றோர் முதலில் பிரதேச செயலகத்தில் விசாரிக்கட்டும்.

காணியின் விபரம் அறிந்த முதியோர் நம்மோடு இருக்கும்போதே அவர்களிடம் கேட்டு எழுதிவைப்போம். தேடல் அங்கிருந்தே தொடங்குகிறது.