மூடிய தோணியும் கரையில் நிற்பவனின் கடிகாரமும்

வந்தாறுமூலையில் இருந்து கணினி படிக்கும் மாணவி ஒருவர் கேட்டிருக்கிறார்: “கொழும்பில் இருக்கும் சேவருக்குள் எஸ்எஸ்எச் வழியாகப் போய் வேலை செய்கிறேன். நடுவில் யார் ஒட்டுக்கேட்டாலும் ஒன்றும் விளங்காது என்கிறார்கள். உண்மையா?”

முக்கால்வாசி உண்மை. நீங்கள் என்ன தட்டினீர்கள் என்பது விளங்காது. எப்போது தட்டினீர்கள் என்பது மட்டும் நெடுங்காலம் வெளியே தெரிந்துகொண்டே இருந்தது. அந்த மிச்சக் கால்வாசிதான் சுவையானது.

வரலாறு சுருக்கமாகப் போதும். 1969இல் ஆர்பாநெட் காலத்தில் தொடங்கிய, தொலைவிலுள்ள கணினிக்குள் நுழைய உதவும் டெல்நெட், கடவுச்சொல்லைக்கூட மூடாமல் அனுப்பியது. 1995இல் ஹெல்சின்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக வலையமைப்பில் கடவுச்சொற்கள் களவுபோயின. அங்கிருந்த டாட்டு உலோனென் டெல்நெட்டுக்கு மாற்றாக எஸ்எஸ்எச்சை எழுதினார். இன்று பெரும்பாலான லினக்ஸ் கணினிகளில் இருப்பது, 1999இல் ஓபன்பிஎஸ்டி குழு வெளியிட்ட ஓபன்எஸ்எஸ்எச்.

இனி விஷயத்துக்கு வருவோம். நீங்கள் ‘எல்’ விசையைத் தட்டுகிறீர்கள். திரையில் ‘எல்’ விழுகிறது. அதை எழுதியது உங்கள் கணினி அல்ல. தட்டிய எழுத்து குறியாக்கப்பட்டு, ஒரு பொதியாகக் கொழும்புக்குப் போகிறது. அங்குள்ள சேவர் அதை வாங்கித் திருப்பி அனுப்புகிறது. திரும்பி வந்த எழுத்தைத்தான் நீங்கள் பார்க்கிறீர்கள். முந்நூறு கிலோமீற்றர் கண்ணாடி இழையில் ஒளி போய்வர மூன்று மில்லிசெக்கன் போதும் என்பதால் கண் அதை உணர்வதில்லை.

மட்டக்களப்பு வாவிக்கரை வாசகர்களுக்கு இது உடனே பிடிபடும். உங்கள் கணினி வாவியின் கிழக்கே எழுவான்கரையில் குருமண்வெளித் துறை. சேவர் மேற்கே படுவான்கரையில் மண்டூர்த் துறை. ஒவ்வோர் எழுத்தும் தனித் தோணியில் ஏறி அக்கரை போய், முகம் காட்டிவிட்டு இக்கரை திரும்புகிறது. தோணிக்குத் தறப்பாள் போட்டு மூடியிருப்பதால் உள்ளே யார் என்று கரையில் நிற்பவனுக்குத் தெரியாது. ஆனால் அவன் கையில் கடிகாரம் இருக்கிறது.

கடிகாரம் என்ன சொல்லிவிடும்? ‘வி’யை அடுத்து ‘ஓ’ தட்டிப் பாருங்கள்: இடக்கை ஒன்று, வலக்கை ஒன்று, சட்டென்று முடிகிறது. ‘வி’யை அடுத்து ‘பி’ தட்டினால், முறைப்படி தட்டச்சு பழகியவருக்கு இரண்டும் இடக்கைச் சுட்டுவிரலின் வேலை, சற்றுத் தாமதமாகும். 2001இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் டான் சோங், டேவிட் வாக்னர், சூசிங் டியன் மூவரும் இந்த இடைவெளிகளை அளந்தார்கள். கடவுச்சொல்லைத் தேடிப்பிடிக்கும் வேலையை இவற்றால் ஏறக்குறைய 50 மடங்கு சுருக்கலாம் என்று காட்டினார்கள்.

நுழையும்போது தரும் கடவுச்சொல்லுக்கு இந்தத் தொல்லை இல்லை. அது முழுதாக ஒரே தோணியில் போகும். உள்ளே போனபின், நிர்வாகி உரிமை கேட்கும் ‘சூடோ’ கட்டளைக்குக் கொடுக்கும் கடவுச்சொல்தான் எழுத்தெழுத்தாகப் போகிறது. அது திரையில் தெரியக்கூடாது என்பதால் சேவர் எதையும் திருப்பி அனுப்பாது. தோணிகள் வரிசையாகப் போகின்றன, ஒன்றும் திரும்பவில்லை என்றால் போவது கடவுச்சொல் என்று கரையில் நிற்பவன் கண்டுகொள்வான். அதனால் 2001இலேயே ஓபன்எஸ்எஸ்எச், அக்கரையிலிருந்து வெறுந்தோணிகளைத் திருப்பிவிடத் தொடங்கியது.

2023 ஒக்டோபரில் வந்த 9.5ஆம் பதிப்பு இக்கரையிலும் கைவைத்தது. தட்டத் தொடங்கியதும் 20 மில்லிசெக்கனுக்கு ஒரு தோணி, ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் புறப்படும். தட்டி முடித்த பிறகும் கொஞ்ச நேரம் வெறுந்தோணிகள் ஓடும். நேரமே மூடப்பட்டுவிட்டது. இதைவிட அழகான தீர்வை நான் கண்டதில்லை.

ஆனால் அது வேலை செய்யவில்லை. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உள்ளிட்டோர் நிரலில் ஒரு தர்க்கப் பிழையைக் கண்டுபிடித்தார்கள். ஆள் ஏறிய வேளைகளில் ஆள் தோணியோடு வெறுந்தோணியும் சேர்ந்தே புறப்பட்டிருக்கிறது. இரண்டு தோணி கிளம்பினால் ஆள் இருக்கிறது என்று பொருள்! 2001இல் போட்ட பாதுகாப்பும் இதனால் கெட்டது. 2024 ஜூலையில் வந்த 9.8ஆம் பதிப்பில்தான் திருத்தினார்கள்.

‘இராணுவத் தரக் குறியாக்கம்’, ‘உடைக்கவே முடியாதது’ என்று செயலி விற்பவர்கள் சொல்வதெல்லாம் தறப்பாளின் தடிப்பைப் பற்றியது. கடிகாரத்துக்கு என்ன செய்தீர்கள் என்று அவர்களைக் கேட்க வேண்டும். ஓபன்எஸ்எஸ்எச் குழு தன் பிழையைத் தன் வெளியீட்டுக் குறிப்பிலேயே பகிரங்கமாக எழுதியது. எனக்கு நம்பிக்கை தருவது அந்த நேர்மைதான்.

எஸ்எஸ்எச் உடைந்துவிட்டது என்று கூவுவதும் அதே அளவு பிழை. ஒட்டுக்கேட்பவன் நடுவழியில் உட்கார்ந்து பதிவுசெய்ய வேண்டும். தட்டச்சுப் பழக்கங்களை முன்கூட்டியே அளந்தும் வைத்திருக்க வேண்டும். அப்படிச் செய்தாலும் அவனுக்குக் கிடைப்பது அந்த 50 மடங்குதான். விசைப்பலகையில் அச்சாகும் குறிகள் 94. கடவுச்சொல்லில் எழுந்தமானமாக ஒரே ஒரு குறியைக் கூட்டினால் தேடல் 94 மடங்கு நீளும்.

ஆகவே, மாணவிக்கு என் பதில்: உங்கள் கணினியில் இருப்பது 9.8க்கு முந்தைய பதிப்பு என்றால் புதுப்பியுங்கள். கடவுச்சொல்லில் ஒரு குறி கூட்டுங்கள். பிறகு தாராளமாகத் தட்டுங்கள்.