ஏலக்காய் தரம் பிரிக்கும் தொழில்: கூலி வேலையில் தொடங்கினால் கடன் கழுத்தை நெரிக்காது

தேனி மாவட்டம் போடிநாயக்கனூரை அடுத்த பொட்டிபுரம் வட்டாரத்துச் சிறு விவசாயிகள், ஏலக்காய் தரம் பிரிப்பதை உபதொழிலாகச் செய்யலாம். மலையில் விளையும் காய், ஸ்டோரில் உலர்த்தப்பட்டுப் போடிக்கு இறங்குகிறது. தூசு, காம்பு நீக்கி, சல்லடையில் 8 எம்.எம்., 7 எம்.எம். என்று அளவு வாரியாகப் பிரித்து, வெடித்த காயையும் நிறம் மங்கிய காயையும் கையால் பொறுக்கிய பின்னரே அதற்கு உரிய விலை கிடைக்கும். ஆகவே வேலைக்குப் பஞ்சமில்லை. முதல் போடுவதில்தான் கவனம் தேவை.

சறுக்கும் இடம்

புதிதாகத் தொழிலில் இறங்குவோர், கடனாகக் கிடைத்த பணம் முழுவதற்கும் காய் வாங்கிப் போடுவது உண்டு. இது ஆபத்தானது. 2018ல் கேரளத்தில் பெருவெள்ளம் தோட்டங்களை அழித்தது. அடுத்து வறட்சியும் வந்தது. வரத்து குறைந்து, 2019 ஆகஸ்டில் ஏலத்தில் ஒரு கிலோ காய் அதிகபட்சமாக ரூ.7,000 வரை போயிற்று. அதே காயின் சராசரி விலை 2022ல் ரூ.1,000க்கும் கீழே இறங்கியது.

உதாரணமாக, கிலோ ரூ.2,000 வீதம் 500 கிலோ வாங்கினால் ரூ.10 லட்சம் முடங்கும். கிலோவுக்கு ரூ.200 குறைந்தாலே ரூ.1 லட்சம் நஷ்டம். வட்டி தனி.

முதல் வருடம் கூலிக்கு மட்டும்

பிறர் காயைக் கூலிக்குத் தரம் பிரித்துக் கொடுத்தால், விலை ஏறினாலும் இறங்கினாலும் அது காய்க்குச் சொந்தக்காரர் பாடு. தொழில் நடத்துபவருக்குச் சல்லடை, தராசு, ஈரமில்லாத கொட்டகை, வாராந்தரக் கூலிப் பணம் ஆகியவை போதும். பொறுக்குவதில் பழகிய பெண்கள் உள்ளூரிலேயே உண்டு.

காய் பிறர் சொத்து என்பதை மறக்கலாகாது. வரும்போதும் போகும்போதும் எடை போட்டுச் சீட்டுக் கொடுக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ஈரம் ஏறினால் காயில் பூஞ்சணம் பிடிக்கும். வெளிச்சம் பட்டால் பச்சை நிறம் மங்கும். எனவே உள்ளே கறுப்புப் பாலித்தீன் உறையிட்ட சாக்கில் கட்டி, தரையில் படாமல் மரச்சட்டத்தின் மேல் அடுக்க வேண்டும்.

கடனுக்கு முன் கணக்கு

இயந்திரத்துக்காக ரூ.3 லட்சம், 12 சதவீத வட்டியில், 5 வருடத் தவணைக் கடனாக வாங்குவதாகக் கொள்வோம். முதல் வருடம் அசல் ரூ.60,000, வட்டி சுமார் ரூ.33,000, ஆக ரூ.93,000 கட்ட வேண்டும். ஆள் கூலி, மின்சாரம் போகக் கிலோவுக்கு ரூ.5 மிஞ்சினால், இந்தத் தவணைக்கே 18,600 கிலோ பிரிக்க வேண்டும். காய் வரத்து ஆடி முதல் தை வரை 7 மாதம் என்றால், மாதம் சுமார் 2,650 கிலோ. இவ்வளவு காய் தருவதாக எத்தனை தோட்டக்காரர்கள் ஒப்புக்கொள்கிறார்கள் என்று முதலில் கேட்டறிய வேண்டும். பாதிதான் கிடைக்கும் என்றால், கைச்சல்லடையோடு தொடங்கிப் பாதிக் கடனோடு நிறுத்திக்கொள்வதே நல்லது.

வங்கியில் மாதத் தவணைக்குப் பதிலாக, காய் வரும் மாதங்களில் கூடுதலாகவும் மற்ற மாதங்களில் குறைவாகவும் கட்டும்படி தவணை கேட்கலாம். வியாபாரியிடம் முன்பணம் வாங்கினால் எழுத்து வேலை குறைவுதான். ஆனால் கூலியை அவரே நிர்ணயிப்பார், வேறொருவர் காயை எடுக்கவும் முடியாது.

மானியம் கைப்பணம் அல்ல

2015ல் தொடங்கிய முத்ரா திட்டத்தில், சொத்து ஜாமீன் இன்றி ரூ.50,000 வரை ஒரு படியாகவும், அதற்கு மேல் ரூ.5 லட்சம், ரூ.10 லட்சம் வரை அடுத்தடுத்த படிகளாகவும் கடன் வகுக்கப்பட்டது. 2020ல் வந்த குறு உணவு பதப்படுத்தும் தொழில் திட்டத்தில், திட்ட மதிப்பில் 35 சதவீதம், அதிகபட்சம் ரூ.10 லட்சம் மானியம் என்றும், சொந்தப் பணம் 10 சதவீதமாவது போட வேண்டும் என்றும் விதி. இந்த மானியம் கையில் தரப்படுவதில்லை. வங்கியில் ஒதுக்கி வைக்கப்பட்டு, கடைசித் தொகை வழங்கிய 3 வருடத்துக்குப் பின், கடன் ஒழுங்காக இருந்து தொழிலும் நடந்தால்தான் கடனில் கழிக்கப்படும். மானியத்தை நம்பிப் பெரிய இயந்திரம் வாங்கியவர், இடையில் தவணை தவறினால் இரண்டையும் இழப்பார். தற்போது எந்தத் திட்டத்தில் மனு வாங்குகிறார்கள் என்பதை மாவட்டத் தொழில் மையத்தில் விசாரித்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாம் படி

ஒரு பருவம் முடிந்ததும் வரவு செலவு நோட்டும் எடைச் சீட்டுகளும் கையில் இருக்கும். அடுத்த கடனுக்கு வங்கி கேட்பதும் இவற்றைத்தான். அப்போது லாபத்தில் ஒரு பகுதியைக் கொண்டு, நஷ்டம் வந்தாலும் தாங்கும் அளவுக்கு மட்டும் சொந்தமாகக் காய் வாங்கிப் பார்க்கலாம். வாங்கி விற்பதற்கு நறுமணப் பொருள் வாரியத்தின் வியாபாரி உரிமம் வேண்டும். உணவுப் பாதுகாப்புத் துறையிலும் பதிவு செய்துகொள்ள வேண்டும்.

நிலத்தை அடகு வைத்து ஒரே பருவத்தில் பெரிய வியாபாரி ஆக முயல்வதை விட, கூலியில் சேர்ந்த முதலைக் கொண்டு மூன்று பருவத்தில் வளர்வது மேல். விலை சரிந்தாலும் நிலம் கையில் இருக்கும்.