பழைய ஜீப்பின் ஓசைகள்

1941 முதல் 1945 வரை போருக்காகச் செய்யப்பெற்ற வில்லிஸ் ஜீப்பை அமெரிக்கப் படை ‘கால் தொன் லொறி’ என்றே வகுத்தது. அத்தகைய பழைய படைவண்டியில் ஓசை எழுமாயின், எங்கே எழுகிறது என்பதற்குமுன், எப்போது எழுகிறது என்று கேட்டல் வேண்டும்.

நிற்கும் வண்டியில் கிளச்சை மிதிக்க எழும் ஓசை பெரும்பாலும் கிளச்சினுடையது. மிதிக்க அடங்குவது கியர்ப் பெட்டியினுடையது. திரும்புகையில் மட்டும் ‘கடகட’ என்றால், முன்னச்சின் மூட்டுகளை ஐயுறலாம். புறப்படுகையில் ‘டக்’கென்று தட்டினால், பின்னச்சுக்கு ஓடும் நீள்தண்டின் மூட்டுகள் தேய்ந்திருக்கலாம்.

வடமராட்சியின் மணற்காட்டில் நான்கு சக்கரங்களும் இழுத்தல் நன்று. தார் வீதிக்கு ஏறியபின்னும் முன்சக்கர இணைப்பை நீக்காவிடில், வளைவுகளில் முன்சக்கரமும் பின்சக்கரமும் வெவ்வேறு தூரம் ஓட முயன்று, தண்டுகள் முறுகி முனகும். அதற்குக் கியர்ப் பெட்டியைக் கழற்ற வேண்டுவதில்லை. இணைப்பை நீக்கினாற் போதும்.

மூட்டின் தட்டலையோ புறக்கணித்தல் ஆகாது. வில்லிஸ் ஜீப்பின் கைப் பிறேக்கு அந்நீள்தண்டின் வழியே சக்கரங்களைப் பிடிக்கிறது. தண்டு கழன்றால் அப்பிடியும் போய்விடும். ஆகவே, இயந்திரத்தை நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, தண்டைக் கையால் அசைத்துப் பாருங்கள். மூட்டு ஆடினால் உடனே மாற்றுங்கள்.