ஷிஃப்ட் முடிஞ்சதும் ப்ளூஸ்!

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஏரியா காலேஜ் மக்களே! ரெக்கார்டு நோட்டு, இன்டர்னல், ப்ளேஸ்மென்ட் டென்ஷன்... இதுக்கு நடுவுல பியானோவா? அதுவும் ப்ளூஸ் பியானோவா? "அதெல்லாம் அஞ்சு வயசுலயே க்ளாஸ் சேர்ந்து, கிரேடு கிரேடா பாஸ் பண்ணவங்க சமாசாரம் பாஸ்"னு ஒதுங்கிடாதீங்க. இந்த இசையை வளர்த்தவங்க யாருன்னு தெரிஞ்சா ஆச்சரியப்படுவீங்க.

1920களின் சிகாகோ. ஆல்பர்ட் அம்மன்ஸ், மீட் லக்ஸ் லூயிஸ் ரெண்டு பேரும் ப்ளூஸ் பியானோவின் சூப்பர் ஸ்டார்கள். பிழைப்புக்கு ஓட்டினது டாக்ஸி! இன்னொரு ஜாம்பவான் ஜிம்மி யான்ஸி. பேஸ்பால் மைதானத்தைப் பராமரிக்கிற வேலையில் சுமார் 25 வருஷம் இருந்தார். அதுக்கு நடுவுலதான் வாசிப்பு. எங்கே? 'ரென்ட் பார்ட்டி'யில்! மாச வாடகைக்குப் பணம் இல்லையா? வீட்டிலேயே பார்ட்டி வெச்சு, வர்றவங்ககிட்ட காசு வாங்கி வாடகை கட்டிடுவாங்க. அந்தப் பார்ட்டிக்கு உயிரே பியானோதான்.

அதுக்கும் முன்னாடி, அமெரிக்காவின் தென் மாநிலங்களில் மரம் வெட்டும் முகாம்கள். நாள் முழுக்க உழைச்சுக் களைச்ச கறுப்பினத் தொழிலாளர்கள், சுருதி கலைஞ்ச ஒரு பழைய பியானோ, வாசிக்க ஒரே ஒரு ஆள். டிரம்ஸ், பேஸ் எதுவும் கிடையாது. அதனால அந்த வேலை மொத்தமும் இடது கை தலையில் விழுந்தது. ப்ளூஸ் பியானோவில் இடது கை இன்னிக்கும் ராஜாவா இருக்க இதுதான் காரணம்.

நம்ம ஊருக்கு வந்த கதையும் உண்டு. சிகாகோவில் கலக்கிய ஜாஸ் பியானோ கலைஞர் டெடி வெதர்ஃபோர்ட், கல்கத்தா கிராண்ட் ஹோட்டலில் இசைக்குழு நடத்தினார். 1945ல் அதே ஊரில் காலராவுக்குப் பலியானார்.

சரி, மேட்டருக்கு வருவோம். கணக்கு ரொம்ப ஈஸி!

மூணே மூணு கார்டு: சி, எஃப், ஜி. மொத்தம் 12 பார். ஒரு பாருக்கு நாலு தட்டு. முதல் நாலு பார் சி, அடுத்த ரெண்டு எஃப், திரும்ப ரெண்டு சி, பிறகு ஜி ஒண்ணு, எஃப் ஒண்ணு, கடைசி ரெண்டு சி. அவ்வளவுதான்! கூட்டிப் பாருங்க, 48 தட்டு. அதாவது, ஆதி தாளத்தில் சரியா ஆறு ஆவர்த்தனம்!

நடை? 'தகிட தகிட'னு திஸ்ரம் சொல்லுங்க. நடுவில் இருக்கிற 'கி'யை மட்டும் முழுங்கிடுங்க. 'த...ட த...ட'. இதுக்குப் பேர்தான் ஷஃபிள்.

வலது கைக்கு சி, இ ஃப்ளாட், எஃப், ஜி, பி ஃப்ளாட். கர்னாடக சங்கீதம் தெரிஞ்ச ஃப்ரெண்டுகிட்ட வாசிச்சுக் காட்டினா, "அட, சுத்த தன்யாசி!"ம்பாங்க. நடுவில் எஃப் ஷார்ப்பைச் சேர்த்தா ப்ளூஸ் ஸ்கேல் ரெடி.

ப்ளூஸ் பாடகர்கள் ரெண்டு ஸ்வரத்துக்கு நடுவில் குரலை இழைப்பாங்க. பியானோவில் அது முடியாது. அதனால ஒரு தந்திரம்: இ ஃப்ளாட் கறுப்புக் கட்டையைத் தொட்ட விரலை அப்படியே பக்கத்து வெள்ளைக் கட்டைக்கு வழுக்கி விடுங்க. அழுகையும் சிரிப்பும் கலந்த மாதிரி ஒரு சத்தம் வரும்!

பலரும் கழண்டுக்கிற இடம், ரெண்டு கையும் சேர்கிற இடம்தான். அவசரப்படாதீங்க. முதல் மாசம் இடது கைக்கு மட்டும். மெட்ரோனோமை 60ல் வெச்சு மெதுவா ஆரம்பிங்க. வாசிச்சுக்கிட்டே இருக்கும்போது அம்மா "சாப்ட்டியாடா?"னு கேட்டா பதில் சொல்லணும், கை நிக்கக் கூடாது. அந்த ஸ்டேஜ் வந்ததும் வலது கையைக் கூப்பிடுங்க.

பியானோ வாங்க வசதி இல்லையா? அழுத்தத்துக்கு ஏத்த மாதிரி சத்தம் மாறுகிற 61 கட்டை கீ-போர்டு போதும், செகண்ட் ஹேண்டா இருந்தாலும் ஓகே. ஹெட்போன் மாட்டிக்கிட்டா பக்கத்து போர்ஷன் மாமியும் ஹேப்பி!

காது பழக, லூயிஸ் 1927ல் பதிவு செய்த 'ஹாங்கி டாங்க் ட்ரெய்ன் ப்ளூஸ்' கேளுங்க. இடது கை முழுக்க ரயில் ஓட்டம். ஆவடி லோக்கலில் தினமும் போறவங்களுக்கு அர்த்தம் சொல்லவே வேண்டாம்!

கடைசியா ஒண்ணு. காலேஜ்ல கிட்டார், கீ-போர்டுனு கலக்கின எத்தனையோ சீனியர்ஸ், ஆஃபர் லெட்டர் வந்ததும் அதைப் பரணில் ஏத்திடுறாங்க. "வேலைக்குப் போயாச்சு, இனிமே எங்கே..."னு ஒரு பெருமூச்சு வேற. டாக்ஸி ஓட்டினவரும் மைதானத்தில் புல் பார்த்தவரும் அப்படி நினைச்சிருந்தா இந்த இசை நம்ம காதுக்கு வந்தே இருக்காது. வேலை முடிஞ்சு வந்த கைகள் வளர்த்ததுதான் ப்ளூஸ். நாளைக்கு நீங்க எஸ்டேட்ல ஷிஃப்ட் பார்த்தாலும் சரி, ஐ.டி. கம்பெனியில் கோடு அடிச்சாலும் சரி... ராத்திரி அரை மணி நேரம், 12 பார். அதை மட்டும் யாருக்கும் விட்டுக் கொடுக்காதீங்க!