கடைச் சிப்பந்திக்கும் சங்கம் வேண்டும்

இரயில்வேயில் எழுத்தர் வேலை பார்ப்பவன் நான். சீட்டு வழங்கும் சாளரத்தின் உட்புறம் எனக்கென்று ஒரு நாற்காலி உண்டு. அதன் ஒரு கை உடைந்தது. அசைந்தால் ஓசை எழுப்பும். ஆயினும் எட்டு மணி நேரம் என்னைத் தாங்குகிறது. அந்த நாற்காலியைப் பற்றி நான் ஒருநாளும் சிந்தித்ததில்லை, ஒரு பெண் சாளரத்தின் வெளியே நின்று அதைப் பார்த்த நாள் வரையில்.

பாகாலைப் பக்கத்திலிருந்து திருப்பதிக்கு வந்து ஒரு ஜவுளிக்கடையில் வேலை செய்த பெண் அவள். குடியாத்தம் பக்கத்திலிருந்து இரண்டு தலைமுறைக்கு முன் குடிபெயர்ந்த குடும்பம். தந்தை நம் சங்கத்து உறுப்பினர். மாதாந்தரச் சீட்டு வாங்க வரும்போதெல்லாம் சாளரப் பலகைமேல் இரு கைகளையும் ஊன்றிக்கொள்வாள். ஒருநாள், “ஏம்மா, உடம்புக்கு முடியவில்லையா?” என்று கேட்டேன்.

“உடம்புக்கு ஒன்றுமில்லை அண்ணா, கால்தான். காலை பத்து மணிக்கு நின்றால் இரவு ஒன்பது வரை நிற்கவேண்டும். கடையில் ஆளே இல்லாத நேரத்திலும் உட்காரக் கூடாது, காமிராவில் பார்த்துவிட்டுச் சம்பளத்தில் பிடித்துவிடுவார்கள்” என்றாள். சீட்டை வாங்கிக்கொண்டு போகும்போது, “உங்களுக்குச் சங்கம் இருக்கிறது. எங்களுக்கு யார் அண்ணா?” என்றாள். வரிசையில் பின்னால் நின்றவர் அவசரப்படுத்தினார். நான் விடை சொல்லவில்லை, சொல்லவும் தெரியவில்லை.

எனக்குச் சங்கம் இருப்பது உண்மையே. 1974-ஆம் ஆண்டு மே மாதத்தில் இந்தியா முழுதும் இரயில்வேத் தொழிலாளர் இருபது நாட்கள் வேலைநிறுத்தம் செய்தனர். அப்போது நான் பிறக்கவுமில்லை. வேலை இழந்தோர், சிறை சென்றோர் கதைகளை மூத்த ஊழியர் சொல்லக் கேட்டதுண்டு. 2024 டிசம்பரில் எந்தச் சங்கத்துக்கு அங்கீகாரம் அளிப்பது என்று நாடெங்கும் இரயில்வே ஊழியர் இரகசிய வாக்களித்தபோது நானும் வரிசையில் நின்று வாக்களித்தேன். யாரோ பட்ட பாட்டின் பயனை நான் அமர்ந்து நுகர்கிறேன். ஆனால் கடைச் சிப்பந்தியின் நிலை வேறு. இரயில்வேயில் ஆயிரக்கணக்கானோருக்கு ஒரே முதலாளி. கடைத்தெருவிலோ நாற்பது பேருக்கு ஒருவர், நால்வருக்கு ஒருவர், சில இடங்களில் ஒருவருக்கு ஒருவர். இவர்கள் எங்ஙனம் ஒன்றுசேர்வது?

அந்தக் கேள்வியை மனத்திற்கொண்டு கொஞ்சம் படித்தேன். படித்தவற்றுள் என்னை முதலில் வியப்பில் ஆழ்த்திய செய்தி ஒன்றை உங்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று போற்றப்படும் சென்னைத் தொழிலாளர் சங்கம், 1918 ஏப்ரல் 27-ஆம் நாள் தோன்றியது. அதற்கு வித்திட்டவர் இருவர்: செல்வபதி செட்டியார், இராமாநுஜலு நாயுடு. அவர்கள் பெரும் தலைவர்கள் அல்லர். பெரம்பூர்ப் பகுதியில் வாணிகம் செய்த எளிய மனிதர்கள். பின்னி ஆலைகளில் உழைத்த தொழிலாளர் அவர்களிடம் வந்து தம் குறைகளைச் சொல்லி ஆறுவர். நண்பகல் உணவுக்குக் கிடைக்கும் அரைமணி நேரம் போதவில்லை என்பது அக்குறைகளுள் ஒன்று. அவ்விருவரும் ஏற்கெனவே ஒரு பக்தி சபை நடத்தி வந்தனர். அதன் பெயர் என்ன தெரியுமா? ஸ்ரீ வேங்கடேச குணாமிர்த வர்ஷிணி சபை! நம் திருமலையப்பன் பெயரால் பஜனையும் சொற்பொழிவும் நடந்த அந்தச் சபையிலேதான் தொழிலாளர் ஒன்றுகூடப் பழகினர். பின்னர் பி. பி. வாடியா தலைவரானார், திரு. வி. கலியாணசுந்தரனார் துணைத் தலைவராய் இருந்து தமிழில் முழங்கினார். தமிழரும் தெலுங்கரும் கலந்து வேலை செய்த ஆலைகள் அவை. ஆகவே சங்கமும் இருவருக்கும் பொதுவாயிற்று.

சங்கம் என்றால் கொடி, கூச்சல், கட்சி என்று அஞ்சும் நம் வீட்டுப் பெரியவர்களுக்காகவே இதனை இவ்வளவு விரித்து எழுதினேன். திருப்பதியில் வாழும் நமக்கு அந்தச் சபையின் பெயர் அயலானதன்று.

அச்சங்கம் விரைவிலேயே ஒரு சோதனைக்கு ஆளாயிற்று. ஆலை நிருவாகம் உயர்நீதிமன்றம் சென்று வாடியா முதலியோர்மீது தடையாணை பெற்றது. தொழிலாளரை ஒன்றுசேர்த்தமையே வழக்குக்குரிய குற்றமாகக் கருதப்பட்ட காலம் அது. அதன் விளைவாகவே 1921-இல் என். எம். ஜோஷி மத்திய சட்டசபையில் இதற்கொரு சட்டம் வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார். 1926-இல் தொழிற்சங்கச் சட்டம் பிறந்தது. ஏழு பேர் ஒப்பமிட்டு விண்ணப்பித்தால் சங்கத்தைப் பதிவு செய்யலாம் என்னும் விதி அன்று வந்தது.

ஆலைத் தொழிலாளருக்குப் பின் கடைச் சிப்பந்தியின் முறை வந்தது. 1947-இல் சென்னை மாகாணம் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தை இயற்றியது. வேலை நேரம், வார விடுமுறை ஆகியவற்றுக்கு அது வரம்பு கட்டியது. ஆறு மாதம் தொடர்ந்து வேலை செய்தவரைத் தக்க காரணமும் ஒரு மாத முன்னறிவிப்பும் இன்றி நீக்கலாகாது என்றது. அன்று சித்தூர் ஜில்லா சென்னை மாகாணத்தைச் சேர்ந்ததல்லவா? ஆகவே வேலூர்க் கடைக்கும் திருப்பதிக் கடைக்கும் சட்டம் ஒன்றே. 1953-இல் ஆந்திரம் பிரிந்தது. 1966-இலும் பின்னர் 1988-இலும் ஆந்திரப் பிரதேசம் தனக்கெனச் சட்டம் செய்துகொண்டது. எல்லை பிரிந்தபின் இரு சட்டங்களும் தனித்தனி வழியில் வளர்ந்தன.

அந்த வளர்ச்சியில் ஒரு திருப்பம் 2021-இல் வந்தது. தமிழ்நாட்டுச் சட்டமன்றம் பழைய 1947-ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒரு புதிய பிரிவைச் சேர்த்தது. வேலைக்கு இடையே வாய்ப்புக் கிட்டும்போது அமர்வதற்காக, ஒவ்வொரு கடையிலும் ஊழியர் அனைவருக்கும் இருக்கை இருத்தல் வேண்டும் என்பதே அது. நாற்காலிக்கு ஒரு சட்டமா என்று நகைப்போர் இருக்கலாம். இருக்கை இல்லாத இடத்தில் ஒரு நாள் வேலை செய்து பார்க்கட்டும், பின்பு நகைக்கட்டும்.

தமிழ்நாட்டுக்கு இதில் வழி காட்டியது கேரளம். கோழிக்கோட்டு மிட்டாய்த்தெருக் கடைகளில் வேலை செய்த பெண்கள் முதலில் கேட்டது நாற்காலி கூட இல்லை, கழிப்பறை. கடையில் அவ்வசதி இன்மையால் நாள் முழுதும் தண்ணீர் குடிக்காமல் இருந்தவர் பலர். தையல் தொழில் செய்த விஜி என்னும் பெண்மணி 2009-இல் ‘பெண்கூட்டு’ என்ற அமைப்பைத் தொடங்கி அவர்களைச் சேர்த்தார். பெரிய சங்கங்கள் கைவிட்ட இடத்தில் இப்பெண்கள் தாமே தொழிற்சங்கமும் கண்டனர். கழிப்பறையில் தொடங்கியது, உட்காரும் உரிமையில் வந்து நின்றது. 2018-இல் கேரள அரசு சட்டத்தைத் திருத்தியது. நம் பெண்ணைப் போலவே கடைக்கு இருவர் மூவராய்ச் சிதறிக் கிடந்தவர்கள் அவர்கள். தெருவையே ஒரு தொழிற்சாலையாகக் கருதி ஒன்றுசேர்ந்தனர். நான் தேடிய விடை எனக்கு அங்கேதான் கிடைத்தது.

இனி நம் பக்கத்துச் செய்தி. 2025 நவம்பர் 21 முதல் மத்திய அரசின் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துள்ளன. 1926-ஆம் ஆண்டுச் சட்டமும் அவற்றுள் அடங்கிவிட்டது. இத்தொகுப்புகளைத் தொழிற்சங்கங்கள் பல எதிர்க்கின்றன. அவ்வழக்கினுள் நான் புகவில்லை. ஆனால் கடைச் சிப்பந்தி கைப்பிடியாகக் கொள்ளத்தக்க சில இவற்றிலும் உள்ளன. பத்துப் பேருக்குக் குறையாது வேலை செய்யும் நிறுவனத்தில், நின்றே வேலை செய்ய வேண்டியவர்க்கு அமரும் வசதி வேண்டும் என்று ஒரு தொகுப்பு கூறுகிறது. வேலை நியமனக் கடிதம் கொடுக்கவேண்டும் என்றும் கூறுகிறது. மாதச் சம்பளம் அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் கைக்கு வரவேண்டும். வேலையை விட்டு நீக்கினால் இரண்டு வேலை நாட்களுக்குள் கணக்குத் தீர்க்கவேண்டும். தண்டம் பிடிப்பதானால், எந்தெந்தக் குற்றத்துக்குத் தண்டம் என்பதை முன்கூட்டியே அறிவித்திருக்க வேண்டும். பிடிக்குமுன் அவர் விளக்கத்தைக் கேட்கவேண்டும். அதுவும் சம்பளத்தில் 3 விழுக்காட்டைத் தாண்டலாகாது. காமிராவில் பார்த்து மனம்போனபடி வெட்டுவதற்கு இங்கே இடமில்லை.

வேலை நேரத்தைப் பற்றி ஒரு கணக்கு. 1988-ஆம் ஆண்டு ஆந்திரச் சட்டம் நாளொன்றுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என வகுத்தது. 2025-இல் நாளளவை 10 மணியாக உயர்த்தினர். வார அளவோ 48 ஆகவே நிற்கிறது. அந்தப் பெண் காலை 10 முதல் இரவு 9 வரை, உணவுக்கு ஒரு மணி போகப் பத்து மணி நேரம் நின்றாள். ஆறு நாளுக்கு 60 மணி. மிகுதியான 12 மணிக்கு இரட்டிப்புக் கூலி வரவேண்டும். ஒரு காசும் வந்ததில்லை. பிரம்மோற்சவ நாட்களில் எத்தனை மணி நின்றாள் என்று நான் கேட்கவில்லை.

ஒரு மாதம் அவள் சீட்டு வாங்க வரவில்லை. அவள் தந்தைதான் என் வீட்டுக்கு வந்தார். கால் வலி தாளாமல் துணிப்பொதி ஒன்றின்மேல் சற்றே அமர்ந்தாளாம், மேற்பார்வையாளர் ஏசினார், இவளும் ஒரு சொல் திருப்பிச் சொன்னாள். அன்றே வெளியே அனுப்பிவிட்டனர். அம்மாதம் வேலை செய்த பதினேழு நாள் கூலியும் நின்றது. “நீங்கள் படித்தவர்; முதலாளியும் உங்களுக்குத் தெரிந்தவர்; ஒரு வார்த்தை சொல்லுங்கள்” என்றார்.

முதலாளி எனக்குத் தெரிந்தவர்தாம். கடையின் பெயரை ஈண்டு எழுதப்போவதில்லை. நம் பொங்கல் விழாவுக்குத் தாராளமாய் நன்கொடை அளிப்பவர் என்று மட்டும் சொல்வேன். அதனாலேயே நான் நான்கு நாள் தயங்கினேன். ‘பிழைக்க வந்த இடத்தில் வம்பு எதற்கு?’ என்று என் வீட்டிலும் சொன்னார்கள். பிறகு தனியே சென்று பார்த்தேன். காப்பி தந்தார், குழந்தைகளின் நலம் விசாரித்தார், “நம்ம பெண்தானே, பார்க்கலாம் தம்பி” என்றார். பத்து நாளாகியும் ஒன்றும் நடவாமற்போகவே, தந்தையும் மகளும் நகரில் இயங்கும் ஒரு பொதுத் தொழிற்சங்கத்தின் செயலாளரைக் கண்டனர். அவள் அதில் உறுப்பினரானாள். பதிவு பெற்ற சங்கம் தன் உறுப்பினருக்காகக் கூலிக் கோரிக்கை மனுவைத் தானே தாக்கல் செய்யலாம் என்பதும், அதற்கு மூன்றாண்டு வரை அவகாசம் உண்டு என்பதும் எனக்கே அப்போதுதான் தெரியும். மனு எழுதி முடித்து, அதன் நகலைக் கடைக்குக் கொடுத்த மூன்றாம் நாள் பதினேழு நாள் கூலியும் வந்தது. வேலை திரும்பக் கிடைக்கவில்லை. மிகைநேரக் கூலியைப் பற்றிய பேச்சு இன்னும் முடியவில்லை. அவள் இப்போது வீட்டில் தைக்கிறாள். அவளுடன் வேலை செய்தவர் மூவர் அச்சங்கத்தில் சேர்ந்துள்ளனர்; அந்தத் தளத்தில் இப்போது ஐந்து முக்காலிகள் போட்டிருக்கிறார்கள் என்று கேள்வி.

இக்கட்டுரை நம் சங்கத்து வணிக அன்பர் சிலருக்குக் கசக்கலாம். அவர்கள் தரப்பையும் நான் அறியாதவன் அல்லன். வாடகை, வட்டி, மின்கட்டணம், வீட்டிலிருந்தபடியே பொருள் வரவழைக்கும் புதுப்பழக்கம் எல்லாம் சிறு கடையை நெருக்குகின்றன. ஆயினும் ஒரு முக்காலியின் விலை எவ்வளவு? வாங்குவோர் வரும்போது சிப்பந்தி எழுந்து நிற்கத்தான் போகிறார். அமர்ந்திருந்தால் சோம்பேறி என்று வாடிக்கையாளர் நினைப்பார் என்கிறார்கள். முதலாளி கல்லாவில் அமர்ந்திருப்பதைக் கண்டு எந்த வாடிக்கையாளரும் அப்படி நினைத்ததாக நான் கேட்டதில்லை.

சிப்பந்திகளுக்கு ஒரு சொல். நம்மில் பலருக்குத் தெலுங்கு பேச வரும், படிக்க வராது. தெலுங்கில் அச்சிட்ட தாளை நீட்டி ஒப்பமிடச் சொன்னால் இட்டுவிடுகிறோம். படித்துக் காட்டச் சொல்லாமல் இடாதீர்கள். நகல் ஒன்றைக் கேளுங்கள். சங்கம் அமைக்க ஒரே கடையில் ஆள் திரட்டவேண்டும் என்பதில்லை. விண்ணப்பத்தில் ஏழு உறுப்பினர் ஒப்பமிடவேண்டும் என்னும் விதி இன்றும் உண்டு. அத்துடன் அந்நிறுவனத்திலோ அத்தொழிலிலோ உள்ளோரில் பத்தில் ஒரு பங்கினர் அல்லது நூறு பேர், இவற்றுள் எது குறைவோ, அத்தனை பேர் உறுப்பினராய் இருக்கவேண்டும். அவ்வளவு பேர் சேரும்வரை, ஏற்கெனவே உள்ள பொதுச் சங்கம் ஒன்றில் சேரலாம். சங்கத்தில் சேர்ந்ததற்காக வேலையை விட்டு நீக்குவேன் என மிரட்டுவது முறையற்ற தொழிற்செயல் எனச் சட்டமே கூறுகிறது. மிரட்டல் இராது என்று நான் சொல்லவில்லை. இருந்தால் எந்த நாள், யார், என்ன சொன்னார் என்பதைக் குறித்து வையுங்கள்.

ஞாயிறு மாலை நான்கு முதல் ஆறு வரை நம் சங்க நூலகத்தில் இருப்பேன். மனு எழுதவும், தெலுங்குத் தாள்களைப் படித்துச் சொல்லவும் என்னால் இயலும். என் துணைவியாருக்கு என்னினும் நன்றாகத் தெலுங்கு படிக்க வரும், அவரும் வர இசைந்துள்ளார். சம்பளச் சீட்டு இருப்பவர் அதைக் கொண்டு வருக. சீட்டே கொடுக்காத கடையில் வேலை செய்பவர், கடைக்குள் போன நேரத்தையும் வெளியே வந்த நேரத்தையும் நாள்தோறும் ஒரு சிறு குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு வந்தால் போதும்.