சுழன்று வந்த கண்

இரண்டாமாண்டு பி.எஸ்ஸி. (இயற்பியல்)

காற்றில் வரும் அலைகளுக்கு முகம் கிடையாது. எந்த நிலையம் பேசுகிறது என்பதை நேயருக்கு உணர்த்த ஓர் அடையாளம் வேண்டும். வானொலிக்கு ஓர் இசை போதும். தொலைக்காட்சிக்கோ இசையோடு ஒரு சின்னமும் தேவை. அவ்வகையில் இந்நாட்டு மக்கள் நன்கறிந்த சின்னம் தூர்தர்ஷனின் கண். அது வளர்ந்த வரலாற்றைச் சக மாணவர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

தில்லியில் 1959 செப்டம்பர் 15 அன்று சோதனை ஒளிபரப்புத் தொடங்கியது. சென்னை நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று பிறந்தது. அப்போதெல்லாம் தொலைக்காட்சி, அகில இந்திய வானொலியின் ஒரு கிளையே. 1976 ஏப்ரல் 1 அன்று அது தனியாகப் பிரிந்தது. தனிக்குடித்தனம் போன பிள்ளைக்குத் தனி முகவரி வேண்டுமல்லவா?

அம்முகவரியை வரைந்தவர் புகழ்பெற்ற ஓவியர் அல்லர். ஆமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் மாணவராயிருந்த தேவாசிஷ் பட்டாச்சார்யா! நடுவே ஒரு வட்டம்; அதைத் தழுவி இரு வளைவுகள். கண்மணியும் இமைகளும் போல அது அமைந்தது.

திரையில் அது சுழன்று வந்ததற்குக் கணிப்பொறி காரணமன்று. படத்தின் நகல்களைக் காமிராவின் கீழ் வைத்துச் சிறிது சிறிதாகத் திருப்பிப் படமெடுத்தனர். நம் தொலைக்காட்சியில் நொடிக்கு 25 படங்கள் தோன்றுகின்றன. சிறிதே மாறிய படங்கள் விரைந்து அடுத்தடுத்து வருவதால், நம் மூளை அதைச் சுழற்சியாக உணர்கிறது. உடன் ஒலித்த இசையை பண்டிட் ரவிசங்கரும் ஷெனாய்க் கலைஞர் உஸ்தாத் அலி அகமது உசேன் கானும் அமைத்தனர்.

1982இல் வண்ணம் வந்தது. சின்னம் நிறம் பூண்டதேயன்றி உருவம் மாறவில்லை. தொண்ணூறுகளில் தனியார் அலைவரிசைகள் பெருகின. நிகழ்ச்சியின் தொடக்கத்தில் மட்டும் முகம் காட்டினால் போதாது, திரையின் மூலையில் எப்போதும் நிற்க வேண்டும் என்றாயிற்று. கோடுகள் மிகுந்த படத்தைச் சுருக்கினால் கலங்கிவிடும். இந்தக் கண்ணோ எவ்வளவு சிறிதானாலும் கண்ணாகவே தெரிகிறது. எளிமையின் பயன் இதுவே.

2017இல் புதிய சின்னத்துக்குப் போட்டி வைத்தார்கள். ஆயினும் பழைய கண் மறைந்துவிடவில்லை. 2024 ஜனவரியில் பொதிகை 'டிடி தமிழ்' ஆனது. அவ்வாண்டு ஏப்ரலில் டிடி நியூஸின் சிவப்புச் சின்னம் காவி நிறமாயிற்று. நாடெங்கும் விவாதம் எழுந்தது. தனியார் நிறுவனம் தன் சின்னத்தை மாற்றினால் அது அவர்கள் விருப்பம். பொதுப்பணத்தில் நடக்கும் நிலையத்தின் நிறம் மாறினால், ஏன் என்று கேட்கும் உரிமை நமக்குண்டு என்பது என் கருத்து.

நண்பர்களே, மாணவர் ஒருவர் வரைந்த கோடுகள் ஒரு நாட்டின் பொதுச்சொத்தாகிவிட்டன. நம் பயிற்சி ஏடுகளை மதிப்பெண்ணுக்காக மட்டும் எழுதாதிருப்போம்.